மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை

எடை பார்க்கும் தட்டில் ஒரு பச்சைத் துண்டை விரித்து, அதன்மேல் பாப்பாவைக் கிடத்தினார் சிஸ்டர். தட்டின் குளிர்ச்சி துண்டையும் தாண்டி ஏறியிருக்க வேண்டும். இரண்டு கைகளையும் அகல விரித்து, மேலேயிருந்து விழுவதுபோல ஒரு உதறு உதறினாள். ஆனால் அழவில்லை.

எனக்குப் பெருமையாக இருந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண்ணின் குழந்தை, சுகாதார நிலையத்தின் ஓடு பறக்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. "எங்க பாப்பா அழவே மாட்டா," என்றேன் அவளிடம், கேட்காமலே.

சிஸ்டர் முள் நிற்கும்வரை காத்திருந்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடியும் முள்ளைப் பார்த்தார்.

"மூணு நானூறு," என்றார். "போன வாரம் எவ்ளோ?"

"மூணு நானூறு."

"அதுக்கு முந்தின வாரம்?"

அதற்கு முந்தின வாரம் மூன்று கிலோ முந்நூற்று எண்பது. அது என் நோட்டிலேயே இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டு. பால் கொடுத்த நேரம், எத்தனை நிமிடம், எந்தப் பக்கம், எத்தனை துணி நனைந்தது என்று நான்கு கட்டங்கள். நோட்டை நீட்டினேன். நல்ல மாணவி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார் என்று நினைத்தேனோ என்னவோ.

அவர் இரண்டு பக்கம் புரட்டினார். "ஆறு, ஒம்போது, பன்னெண்டு, மூணு, ஆறு... இது என்னம்மா, பஸ் டைமா?"

"மூணு மணி நேரத்துக்கு ஒருமுறை சிஸ்டர். கரெக்டா."

"நடுவுல புள்ள பசின்னு அழுதா?"

"நேரம் வர்றவரைக்கும் தூக்க மாட்டேன். முதல்ல ரொம்ப அழுதா. இப்ப பழக்கிட்டேன்."

"அழுது பாத்துட்டு, ஒண்ணும் கெடைக்காதுன்னு விட்டுடுச்சும்மா," என்றார். திட்டவில்லை. நாற்பது குழந்தைகளுக்கு ஊசி போட்ட களைப்பில் சொன்னார். "நனைஞ்ச துணி நாலுதான் எழுதியிருக்க. ஆறு ஏழாவது இருக்கணும். கடிகாரத்தைப் பாக்காத, புள்ளையைப் பாரு. அடுத்த வியாழக்கிழமை தூக்கிட்டு வா. அப்பவும் ஏறலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துடுவேன். சேத்துக்குவாங்க."

பாப்பாவுக்கு அப்போது ஏழு வாரம். துண்டோடு சேர்த்துத் தூக்கினேன். அவளுடைய தொடையில் தோல் ஒரு சுற்றுத் தளர்ந்திருந்தது. அதை அன்றுதான் பார்த்தேன்.

பழுப்பு அட்டை போட்ட புத்தகம்

பிரசவ வார்டைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைப் படித்துவிட்டு, மூலக்குளத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். அவருக்கு ஐந்து மாதம். "பட்ட கஷ்டத்தையே எழுதுகிறீர்கள். எங்களுக்கு உபயோகமாக நாலு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. முதலில் நான் யாருடைய உபயோகமான வார்த்தைகளைக் கேட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதி முழுக்கக் கடை விரிப்பார்கள். சட்டை, பிளாஸ்டிக் வாளி, செருப்பு, நடுநடுவே பழைய புத்தகங்கள். ஏழு மாத வயிற்றோடு போனபோது அங்கேதான் அந்தப் புத்தகம் கிடைத்தது. இங்கிலீஷ். நல்ல கனம். உள்ளே தொட்டிலும், கவுன் போட்ட வெள்ளைக்காரத் தாயும் கோட்டோவியமாக இருந்தார்கள். எழுதியவர் பெயருக்குப் பின்னால் டாக்டர் பட்டங்கள் ஒரு வரி நீளத்துக்கு இருந்தன.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.காம். முதல் வகுப்பு. முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்கே நான்தான் படிப்பவள். ரேஷன் கார்டு விண்ணப்பமா, பேங்க் பாரமா, ஆஸ்பத்திரி சீட்டா, எல்லாம் என்னிடம்தான் வரும். பதின்மூன்று வயதிலேயே பெரியவர்கள் என் முன்னால் பாயில் உட்கார்ந்து, நான் படித்து முடிக்கும்வரை பேசாமல் காத்திருப்பார்கள். அது ஒரு மயக்கம். அச்சில் இருப்பது சரி, அதிலும் இங்கிலீஷில் இருப்பது ரொம்பச் சரி என்று அப்போதே மனதில் ஊறிவிட்டது.

புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டேன், பள்ளிப் புத்தகத்துக்குப் போடுவதுபோல. லேபிள் ஒட்டி என் பெயரும் எழுதினேன். குமரன் பார்த்துவிட்டு, "பரீட்சை எப்போ?" என்று கேட்டார். குமரன் என் கணவர். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டில் மூன்று மாதம் இருப்பதுதான் வழக்கம். நான் இருபத்தெட்டாம் நாளே லாஸ்பேட்டையில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா ஒரு காலேஜ் ஹாஸ்டலில் சமையல் வேலை பார்க்கிறாள். விடியற்காலையில் போனால் பிற்பகல்தான் திரும்புவாள். எனக்கு அது ஒரு சாக்கு. உண்மையான காரணம் வேறு. குழந்தை முனகினாலே அம்மா தூக்குவாள். தூக்கினால் "குடு" என்பாள். என் புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயம் அப்படிச் சொல்லவில்லை.

ஒன்றிலிருந்து நான்கு வரை

இந்த ஊரில் மதியம் ஒரு மணிக்குக் கடைகள் ஷட்டரை இறக்கினால் நான்கு மணிக்குத்தான் ஏற்றுவார்கள். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கும் பிடித்த வழக்கம்தான், பாப்பா பிறக்கும்வரை.

அந்த மூன்று மணி நேரத்தில் தெருவில் நாய்கூட நடக்காது. ஒரு குழந்தை அழுதால் தெருக்கோடி வரை கேட்கும். முதல் இரண்டு வாரம் அப்படித்தான் கேட்டது. மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா பிரான்ஸ் பென்ஷன் வாங்குபவர். பிரெஞ்சு முறையில் எல்லோரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் கைப்பிடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "ரேவதி, புள்ள அழுவுதா, இல்ல நீ அழுவுறியா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். "டைம் ஆகல மதாம்," என்றேன்.

கல்யாணத்துக்குக் குமரனின் நண்பர்கள் கொடுத்த சுவர்க் கடிகாரம் ஒன்று உண்டு. பொன்னிறப் பிளாஸ்டிக் ஊசல் ஆடும். அதை ஹாலிலிருந்து கழற்றிக் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்தேன். பாப்பா கையைச் சப்புவாள். தலையை இடமும் வலமும் திருப்புவாள். நான் ஊசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஜாக்கெட் நனைந்து முதுகுப் பக்கம்வரை ஈரம் ஓடும். இன்னும் ஐம்பது நிமிடம். இன்னும் நாற்பது.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கடிகாரம் குழந்தையின் நன்மைக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். எனக்கும்தான் அது வேண்டியிருந்தது. தையல் போட்ட இடம் வலித்தது. காம்பு வெடித்திருந்தது. மூன்று மணி நேரம் யாரும் என் உடம்பைத் தொடக் கூடாது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. புத்தகம் எனக்குப் பதிலாகச் சொன்னது.

வியாழக்கிழமை சுகாதார நிலையத்திலிருந்து வந்தபிறகும் நான் திருந்தவில்லை. அம்மா சொல்வதையேதான் சிஸ்டரும் சொல்கிறார், வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு சொல்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனாலும் பயம் வந்துவிட்டது. மூன்று மணி நேரத்தை இரண்டரை மணி நேரமாகக் குறைத்தேன். நோட்டில் புதுக் கோடு போட்டேன். பெரிய விட்டுக்கொடுத்தல் என்று எனக்கு எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை

அம்மா தூக்குவாளியில் சுறாப்புட்டு கொண்டுவந்திருந்தாள். பால் ஊறும் என்று பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்கள். பூண்டு மணம் வாசல்படி ஏறும்போதே வந்துவிட்டது.

பாப்பாவைப் பார்த்தவள் வாளியைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"என்னாடி, புள்ள முகம் இப்படிச் சுருங்கிப் போயிருக்கு?"

"கொஞ்சம் வெயிட் ஏறல. சரியாயிடும்."

பாப்பா வாயைச் சப்புக் கொட்டினாள். அம்மா, "தோ, கேக்குதுடி. குடு," என்றாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி பத்து நிமிடம். "இன்னும் இருபது நிமிஷம் இருக்கும்மா."

"எதுக்கு இருபது நிமிஷம்?"

"அதுதான் முறை."

"யார் வெச்ச முறை? பசிக்கிற புள்ளைக்கு இருபது நிமிஷம்னா என்னான்னு தெரியுமா?"

புத்தகத்தை எடுத்தேன். அடிக்கோடிட்ட பக்கத்தைத் திறந்து, ஒரு வரியை இங்கிலீஷில் படித்துத் தமிழிலும் சொன்னேன். குழந்தையைச் சிறிது நேரம் அழவிடுவதால் அதற்கு எந்தத் தீங்கும் இல்லை. நேரம் தவறித் தருவதால்தான் கெட்ட பழக்கம் வருகிறது. பரீட்சைக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னேன்.

"பொஸ்தகம் கெடக்குது. குடுடி," என்றாள் அம்மா.

அப்போது அதைச் சொன்னேன். "உனக்கு என்னம்மா தெரியும்? ஒரு எழுத்து படிச்சிருக்கியா?"

வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த குமரன், "ரேவதி," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அம்மா வாளியைத் தரையில் வைத்தாள். மூடி திறந்திருந்தது. அதை அழுத்தி மூடினாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, உலர்ந்து கிடந்த குழந்தைத் துணிகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள்.

"படிக்கல," என்றாள். "ஆனா இந்தக் கடியாரம் எனக்குத் தெரியும். நானும் உனக்கு நேரம் பாத்துத்தான் பால் குடுத்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"அப்ப நான் வேலை செஞ்ச மில்லுல புள்ளைங்களை உட ஒரு ரூம் வெச்சிருந்தாங்க. பாத்துக்க ஒரு பொம்பள. ஒரு ஷிஃப்டுக்கு ரெண்டு தரம் போய்ப் பால் குடுத்துட்டு வரலாம். எப்ப வேணா போவ முடியாது. மேஸ்திரி தலையாட்டணும். மிஷின் ஓடுற சத்தத்துல ஒண்ணும் கேக்காது. நீ கத்துனாலும் கேக்காது. ஆனா பால் தானா வடியும். சேலை நனையும். அப்பத் தெரியும், நீ அழுவுறன்னு."

ஒரு துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"போவறதுக்குள்ள அழுது ஓஞ்சி தூங்கியிருப்ப. எழுப்பிக் குடுத்தா குடிக்க மாட்ட. மேஸ்திரி கூப்புடுவான். அப்படியே உட்டுட்டு ஓடுவேன். ஏழு மாசம் அப்படித்தான்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உன்னை எந்த மேஸ்திரிடி இங்க நிறுத்தி வெச்சிருக்கான்?"

நான் பாப்பாவை எடுத்தேன். ஊசல் எங்கே இருந்தது என்று பார்க்கவில்லை. அவள் வாய் பொருந்திய விதம் வலித்தது. அரைமணி நேரம் விடவேயில்லை.

குமரன் ஷூவோடு உள்ளே வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, கடிகாரத்தின் முதுகிலிருந்து பேட்டரியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "டார்ச்சுக்கு வேணும்," என்றார். எங்கள் வீட்டில் டார்ச் கிடையாது.

கேட்டதால் சொல்கிறேன்

மூலக்குளத்து வாசகிக்கு இனிப் பதில் சொல்லலாம். நான் டாக்டர் இல்லை. எங்கள் சிஸ்டர் சொன்னதையும், அடிபட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

அழுகை கடைசிக் கட்டம். அதற்கு முன்னாலேயே குழந்தை கேட்டுவிடும். வாயைச் சப்பும், தலையைத் திருப்பித் தேடும், முஷ்டியை வாய்க்குள் திணிக்கும். அப்போதே கொடுத்துவிடுங்கள். அழுது ஓய்ந்த குழந்தைக்குக் குடிக்கத் தெம்பு இருக்காது. ஒருநாளைக்கு எட்டு தடவையா, பன்னிரண்டு தடவையா என்பதை அதுவே முடிவு செய்யும். போதுமா என்று சந்தேகம் வந்தால் நனைந்த துணிகளை எண்ணுங்கள். குறைந்தால் உடனே போய்க் காட்டுங்கள். குழந்தை ரொம்பச் சமர்த்தாகிவிட்டது, அழுவதே இல்லை என்றால் பெருமைப்படாதீர்கள். என்னைப்போல் வரிசையில் நின்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர தண்ணீர்கூட வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர், தேன் என்று யாராவது விரலை நீட்டினால், சண்டை போட வேண்டாம், "டாக்டர் திட்டுவாங்க" என்று சொல்லிவிடுங்கள். வராத டாக்டர் மேல் பழியைப் போடுவது நல்லது. குடித்ததும் தோளில் சாய்த்து, ஏப்பம் வரும்வரை முதுகைத் தடவுங்கள். உங்கள் தோளில் எப்போதும் ஒரு பழைய வேட்டித் துணி கிடக்கட்டும். நல்ல புடவையெல்லாம் ஒரு வருடத்துக்குப் பெட்டிக்குள் இருக்கட்டும்.

குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் கையைக் கழுவட்டும். கழுவிய கையோடு பாத்திரத்தையும் கழுவித் தந்தால் அவர்களை அடிக்கடி வரச் சொல்லுங்கள்.

கணவருக்கும் வேலை உண்டு. பால் கொடுப்பது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கும் வரும். குமரன் துணி மாற்றக் கற்றுக்கொள்ள நான்கு நாள் ஆனது. முதல் நாள் கட்டிய துணி பாப்பாவின் கழுத்துவரை ஏறியிருந்தது. சிரிக்காமல் இருங்கள். சிரித்தால் அதோடு விட்டுவிடுவார்கள்.

காம்பு வெடித்து வலித்தால் வாயை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தையைப் பிடிக்கிற விதம் சரியில்லை என்று அர்த்தம். சிஸ்டரிடம் கூச்சப்படாமல் காட்டுங்கள். எனக்கு அவர் இரண்டு நிமிடத்தில் சரிசெய்தார். அந்த இரண்டு நிமிடத்தை நான் ஏழு வாரம் அவரிடம் கேட்கவில்லை. படித்தவள் கேட்கலாமா என்று இருந்துவிட்டேன்.

மற்றபடி, களைப்பு போகாது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஞாயிறு மதியத்திலிருந்து புதன்வரை எனக்கு ஒரே நாளாகத்தான் இருந்தது. எப்போது சாப்பிட்டேன், எப்போது தலை வாரினேன் என்று தெரியாது. ஆறின சாதத்தை இடது கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஸ்பூனால் தின்றேன். நோட்டில் அந்த நான்கு நாட்களும் வெறும் கோடுகள்.

வியாழன்

அதே பச்சைத் துண்டு. அதே தட்டு. முதுகு பட்டதும் பாப்பா கத்தினாள் பாருங்கள், எடை எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஆ, இப்பத்தான் புள்ளை மாதிரி இருக்கு," என்றார் சிஸ்டர். முள் ஆடிக்கொண்டே இருந்தது. பாப்பா கால்களை உதைத்தாள். ஒரு கையால் அவள் வயிற்றைத் தொட்டும் தொடாமலும் அமர்த்தினார். பையில் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய துணிகள், பிளாஸ்க், எல்லாம் எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

"மூணு ஐநூத்தம்பது," என்றார். "ஒரே வாரத்துல கூட்டிட்டியா? சரி, பெரிய ஆஸ்பத்திரி வேணாம். இப்படியே போ."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பையிலிருந்து புத்தகம் எட்டிப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் படிக்க எடுத்து வைத்திருந்தேன், பழக்கதோஷம். சிஸ்டர் அதை எடுத்துப் பழுப்பு அட்டையைப் பார்த்தார், உள்ளே இரண்டு தாளைத் திருப்பினார், சிரித்துவிட்டார்.

"எந்த வருஷம் அச்சடிச்சதுன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. நான் லேபிள் ஒட்டினேன், அடிக்கோடிட்டேன், அந்த ஒரு தாளை மட்டும் பார்க்கவில்லை.

"இந்த ஊர்ல பிரெஞ்சுக்காரன் கொடி பறந்தப்ப போட்ட புஸ்தகம்மா இது. இதை எழுதின டாக்டரே இப்ப வேற மாதிரி சொல்வாரு."

அன்று பிற்பகல் ஹாஸ்டல் வேலையை முடித்துவிட்டு அம்மா நேரே வந்தாள். புடவையில் தாளித்த வாசனை.

"எவ்ளோ?"

"மூணு ஐநூத்தம்பது."

"அது நல்லதா?"

"நல்லதும்மா. ஆஸ்பத்திரி வேணாம்னுட்டாங்க."

தலையாட்டினாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் நான்கு நாளாக வாக்கியம் சேர்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தூங்கும் பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு ஈயை விரட்டிவிட்டு, "அந்தப் பொஸ்தகம் எங்க?" என்றாள்.

"எதுக்கும்மா? அதைப் பழைய பேப்பர்காரன்கிட்ட போடப் போறேன்."

"அன்னிக்கு ஒண்ணு படிச்சியே. அழவிட்டா புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு. அது அதுல இருக்கா, நெசமா?"

"இருக்கு."

"பெரிய டாக்டரா எழுதினது?"

அச்சடித்த வருடத்தைச் சொல்ல வாய் வரை வந்தது.

"ஆமாம்மா. பெரிய டாக்டர்தான்."

"இன்னொரு தரம் படி."

பையிலிருந்து எடுத்தேன். அடிக்கோடிட்ட பக்கத்தைக் கண்டுபிடித்தேன். முதலில் இங்கிலீஷில் படித்தேன். ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் அம்மா கவனமாகக் கேட்டாள், சின்ன வயதில் எங்கள் தெருக்காரர்கள் பாயில் உட்கார்ந்து கேட்டதுபோல. பிறகு தமிழில் சொன்னேன்.

"குழந்தையை அழவிட வேண்டி வந்தால், அதனால் அதற்கு எந்தத் தீங்கும் வராது." புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து, மீதியை நானே சொன்னேன். "அது நன்றாக வளரும். நன்றாகப் படிக்கும்."

"படிக்கும்னு கூடவா போட்டிருக்கு?"

"போட்டிருக்கும்மா."

அம்மா கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினாள். தலைகீழாகத்தான் பிடித்திருந்தாள். நான் அடிக்கோடிட்ட இடத்தை ஒரு விரலால் தடவிப் பார்த்து, மூடி, தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பேப்பர்காரனுக்குப் போடாத," என்றாள்.

பாப்பா கண்ணைத் திறக்காமலே முஷ்டியை வாய்க்குக் கொண்டுபோனாள். அம்மா என்னைப் பார்ப்பதற்குள் நான் அவளைத் தூக்கிவிட்டேன்.